கருவைத் தத்தெடுத்தல்: கொடுக்கும் குடும்பமும் பெறும் குடும்பமும் – அமெரிக்க நடைமுறை குறித்த ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

செயற்கைக் கருத்தரிப்பில் எஞ்சி, உறைநிலையில் வைக்கப்பட்டிருக்கும் கருக்களைப் பிறிதொரு குடும்பத்திற்கு வழங்கும் நடைமுறை, அமெரிக்காவில் 1990களின் இறுதியிலிருந்து ‘கருவைத் தத்தெடுத்தல்’ என்னும் பெயராலும் வழங்கி வருகிறது. கொடுப்போர், பெறுவோர் ஆகிய இரு தரப்பாருக்கும் இந்நடைமுறை எவ்வாறு அமைகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. சட்டத்தின் பார்வையில் இது பெரும்பாலும் தத்து அன்று. மகப்பேற்றைத் தாய்மைக்கு அடிப்படையாகக் கொள்ளும் விதியும், எழுத்துவழி ஒப்பந்தமும் சேர்ந்தே இதனை இயக்குகின்றன. எனினும் தத்து என்னும் சொல்லோடு உடன்வந்த சில நடைமுறைகள், குறிப்பாக இரு குடும்பங்களும் ஒன்றையொன்று அறிந்திருத்தல், பிறக்கும் குழந்தைக்குப் பயனளிப்பவை என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச் சொற்கள்: கரு, உறைபதனம், தத்து, தானம், சுவீகாரம், இல்ல ஆய்வு, பெற்றோர் உரிமை, செயற்கைக் கருத்தரிப்பு.

முன்னுரை

தத்துப் பற்றிப் பேசும்போது ‘பெற்ற தாய்’, ‘வளர்த்த தாய்’ என இருவரைப் பிரித்துச் சுட்டுவது தமிழ் வழக்கு. கருவைத் தத்தெடுக்கும் நடைமுறையில் இப்பாகுபாடு நிற்பதில்லை. கருவைப் பெற்றுக்கொள்ளும் பெண்ணே அதனைத் தன் கருப்பையில் சுமக்கிறாள், அவளே குழந்தையைப் பெறுகிறாள், அவளே வளர்க்கிறாள். பெற்றவளும் வளர்த்தவளும் ஒருத்தியே ஆகிவிட, கருவைக் கொடுத்த பெண்ணுக்கு உறவுப்பெயர் எதுவும் எஞ்சுவதில்லை. ‘மரபணுத் தாய்’ என்னும் ஆய்வகச் சொல்லைத் தவிர அவளைச் சுட்ட வேறு சொல் இல்லை. அச்சொல்லை எந்தக் குழந்தையும் எவரையும் நோக்கி அழைக்கப்போவதில்லை.

உறவுப்பெயர் இல்லாத இந்த இடத்தைச் சட்டமும் ஒப்பந்தமும் நிறுவனங்களும் எவ்வாறு நிரப்புகின்றன என்பதே இங்கு ஆராயப்படும் பொருளாகும். இந்நடைமுறை ‘தத்து’ என்னும் பெயரோடு வளர்ந்த நாடு அமெரிக்கா ஆதலின் விளக்கம் அந்நாட்டை மையமாகக் கொள்கிறது. பிரித்தானியாவும் நியூசிலாந்தும் ஒப்பீட்டிற்காகவும், இந்தியச் சட்டம் இறுதியிலும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

கலைச்சொல் குறித்து ஒன்றைக் கூறவேண்டும். தமிழ் இதழ்களில் ‘கருமுட்டை’ என்பது பெரும்பாலும் பெண்ணின் முட்டையையே குறிக்கிறது. அறிவியல் நூல்கள் சிலவற்றில் அதே சொல் விந்தணுவோடு இணைந்த முட்டையைக் குறிக்கிறது. ‘கருமுட்டை தானம்’ என்று செய்தித்தாளில் படிப்பவர் எதனை விளங்கிக்கொள்வார் என்பது ஐயத்திற்குரியது. எனவே இக்கட்டுரையில் பெண்ணின் முட்டை ‘சினைமுட்டை’ எனவும், விந்தணுவோடு இணைந்து செல்பிரிவு தொடங்கியது ‘கரு’ எனவும் ஆளப்படுகின்றன.

எஞ்சும் கருக்கள்

செயற்கைக் கருத்தரிப்பில், மருந்துகளால் ஒரே சுழற்சியில் பல சினைமுட்டைகள் முதிரச் செய்யப்பட்டு உடலுக்கு வெளியே எடுக்கப்படுகின்றன. அவை ஆய்வகத்தில் விந்தணுவோடு இணைக்கப்படுகின்றன. இணையும் முட்டைகள் அனைத்தும் நல்ல கருக்களாக வளர்வதில்லை. எனினும் ஒருமுறை செலுத்துவதற்குத் தேவையானதைவிடக் கூடுதலான கருக்கள் பலருக்குக் கிடைக்கின்றன. அறுவை வழியாக மீண்டும் முட்டை எடுக்கும் துன்பத்தைத் தவிர்க்க, எஞ்சியவை உறையவைக்கப்படுகின்றன.

உறைந்த கருவினால் முதற் கருத்தரிப்பு நிகழ்ந்தது 1983இல், ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில். அதன் வழிக் குழந்தை பிறப்பு 1984இல் நிகழ்ந்தது. தொடக்கக் காலத்தில் வெப்பநிலையைப் படிப்படியாகக் குறைக்கும் மெதுவுறைவு முறையே கையாளப்பட்டது. பின்னர், பனிப்படிகம் தோன்றுவதற்கே இடமின்றிக் கணநேரத்தில் கண்ணாடிபோல் உறையச்செய்யும் முறை பரவியது. உருக்கும்போது கரு பிழைக்கும் வாய்ப்பு இப்புதிய முறையில் மிகுதி. எந்த முறையாயினும் கருக்கள் −196 பாகை செல்சியசில் திரவ நைட்ரஜனில் இருக்கும். அவ்வெப்பநிலையில் உயிர்வேதிச் செயல்கள் நின்றுவிடுவதால் கருவுக்கு ‘வயது’ ஏறுவதில்லை. ஆனால் அதனை உருவாக்கிய பெற்றோருக்கு ஏறிக்கொண்டே இருக்கிறது. சிக்கல் தொடங்குமிடம் இதுவே.

அமெரிக்கச் செயற்கைக் கருத்தரிப்பு மையங்களில் 2002 ஏப்ரல் நிலவரப்படி ஏறத்தாழ 4 இலட்சம் கருக்கள் உறைநிலையில் இருந்தன என ராண்ட் நிறுவனமும் அத்துறை மருத்துவச் சங்கமும் சேர்ந்து நடத்திய கணக்கெடுப்புக் கண்டறிந்தது. அவற்றுள் 88 விழுக்காடு அவரவர் குடும்பப் பயன்பாட்டிற்கென வைக்கப்பட்டவை. பிற இணையருக்கு வழங்க ஒதுக்கப்பட்டவை 2.3 விழுக்காடு மட்டுமே. அக்காலப் பொது விவாதங்களில் ‘4 இலட்சம் கருக்கள் காத்திருக்கின்றன’ என்னும் தொடர் அடிக்கடி ஒலித்தது. மேற்கண்ட விழுக்காட்டை அருகில் வைத்து நோக்கினால் அத்தொடர் எவ்வளவு மிகையானது என்பது புலப்படும்.

‘குடும்பப் பயன்பாடு’ என்று குறிக்கப்பட்டவை யாவும் உண்மையில் பயன்படுத்தப்படுவதில்லை என்பதும் உண்மை. விரும்பிய அளவு பிள்ளைகள் பிறந்தபின் பெற்றோர் முன் நான்கு வழிகள் உள்ளன: கட்டணம் செலுத்திச் சேமிப்பைத் தொடர்தல், உருக்கி அழிய விடுதல், ஆய்வுக்கு அளித்தல், மற்றொருவருக்கு வழங்குதல். இந்நான்கில் எதனையும் தேராமல் ஆண்டுக்கணக்கில் கட்டணத்தைச் செலுத்தி வருவோர் பலர். கலிபோர்னியாவில் ராபர்ட் நாக்டிகலும் குழுவினரும், கொடையாகப் பெற்ற சினைமுட்டையால் பெற்றோரான 58 இணையரிடம் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாக்குகிறது. அவர்களுள் 72 விழுக்காட்டினர் எஞ்சிய கருக்களை என்செய்வது என்று முடிவெடுக்காதிருந்தனர். கருவை அவர்கள் எண்ணிய விதங்களும் ஒன்றுபோல் இல்லை. சிலருக்கு அது வெறும் திசு, சிலருக்கு உயிர், சிலருக்குத் தம் பிள்ளையின் உடன்பிறப்பு, சிலருக்கு எதிர்பாரா இழப்பு நேர்ந்தால் உதவும் காப்பீடு, இன்னும் சிலருக்குப் பிள்ளையின்றித் தவித்த நாள்களின் நினைவுப்பொருள். ஒரே மனிதர் இவற்றுள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகர்வதும் உண்டு. திசு என்று கருதுபவருக்கு அழிய விடுதல் எளிது. உடன்பிறப்பு என்று கருதுபவருக்கு அழிப்பதும் கடினம், கொடுப்பதும் கடினம். அந்த ‘உடன்பிறப்பு’ எங்கோ வேறொரு வீட்டில் வளரும் என்பதே காரணம்.

கொடுக்கும் குடும்பம்

கொடுக்க முடிவெடுத்த குடும்பத்திற்கு வழிகள் இரண்டு. ஒன்று, சிகிச்சை பெற்ற மையத்திடமே ஒப்படைத்தல். அம்மையம் தன் நோயாளர்களுள் ஒருவரைத் தேர்ந்து, பெயரை வெளியிடாமல் கருவை வழங்கும். மருத்துவ உலகில் ‘கருக்கொடை’ எனப்படுவது பெரும்பாலும் இவ்வழியே. மற்றொன்று, இதற்கெனவே இயங்கும் திட்டம் ஒன்றை அணுகுதல். கலிபோர்னியாவில் கிறித்தவத் தத்து நிறுவனம் ஒன்று 1997இல் தொடங்கிய ‘ஸ்னோஃபிளேக்ஸ்’ திட்டம் இவ்வகையில் முன்னோடி. உறைந்திருப்பதாலும், ஒன்றைப்போல் மற்றொன்று இல்லாததாலும் கருவைப் பனித்துகளுக்கு ஒப்பிட்டு இப்பெயர் இடப்பட்டது. டென்னசி மாநிலத்தின் நாக்ஸ்வில் நகரிலுள்ள தேசியக் கருக்கொடை மையமும் பின்னர் இத்துறையில் முதன்மை பெற்றது.

இரண்டாம் வழியைத் தேரும் குடும்பம் முதலில் தன் மருத்துவ வரலாற்றை எழுதித் தரவேண்டும். கணவன், மனைவி ஆகியோரின் உடல்நலம் மட்டுமன்றி, குடும்பத்தில் முந்திய தலைமுறைகளில் நீரிழிவு, இதயநோய், புற்றுநோய், மனநோய் போன்றவை இருந்தனவா என்பதும் கேட்கப்படும். கருவை உருவாக்கிய ஆய்வகத்தின் குறிப்பேடும் தேவை. கரு எந்நாளில் உறையவைக்கப்பட்டது, முதல் நாளிலா, எட்டுச் செல்களாகப் பிரிந்த மூன்றாம் நாளிலா, ஐந்தாம் நாளின் வளர்ந்த நிலையிலா என்பதையும், எவ்வகை உறைமுறை கையாளப்பட்டது என்பதையும் உருக்கப்போகும் ஆய்வகம் அறிந்தாகவேண்டும். உறையவைத்த முறைக்கேற்பவே உருக்கும் முறையும் அமையும். முப்பதாண்டுக்கு முந்திய கரு ஒன்று வந்துசேரும்போது, இக்கால ஆய்வகப் பணியாளர் தாம் கற்றறியாத பழைய முறையைத் தேடிப் பயில வேண்டியிருக்கும்.

தொற்றுநோய்ச் சோதனை பற்றிய கூட்டரசு விதிகள் 2005 மே மாதம் நடைமுறைக்கு வந்தன. எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சி வகைகள், கிரந்தி ஆகியவற்றுக்கான சோதனையை அவை வற்புறுத்துகின்றன. எனினும் தமக்கெனக் கருவை உருவாக்கிய இணையர் பின்னாளில் அதனைப் பிறருக்கு வழங்க முன்வரும்போது, உருவாக்கிய நாளில் கொடையாளருக்குரிய சோதனை செய்யப்படவில்லை என்பதற்காக அக்கருவை விதி விலக்கி வைப்பதில்லை. இயன்றால் இப்போது குருதிச் சோதனை செய்யப்படும். இயலாவிடில், சோதிக்கப்படாதது என்னும் குறிப்புச் சீட்டோடு, பெறுவோர் அதனை அறிந்து ஏற்கும் நிலையில், கரு வழங்கப்படும்.

இருவர் ஒப்பமும் இன்றியமையாதது. மணமுறிவு நேர்ந்திருந்தால் உரிமை யாரிடம் உள்ளது என்பதை நீதிமன்ற ஆவணம் காட்டவேண்டும். கரு உருவானபோது மூன்றாமவரின் சினைமுட்டையோ விந்தணுவோ பயன்பட்டிருந்தால், அவர் முன்பு ஒப்பமிட்ட ஆவணம் பிறருக்கு வழங்குவதை அனுமதிக்கிறதா என்றும் பார்க்கப்படும். பல குடும்பங்களின் விருப்பம் நின்றுபோவது இங்கேதான். பதினைந்து ஆண்டுக்கு முன் ஒப்பமிட்ட தாளில் எவரும் எண்ணிப்பாராத ஒரு வரி இல்லாமற்போனதே தடையாகிவிடும்.

கருவுக்கு விலை பெறுதல் நெறியன்று என அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் அறிவித்துள்ளது. சோதனை, ஆவணம், இடமாற்றம் ஆகியவற்றின் செலவைப் பெறுவோர் ஏற்கலாம். கொடுப்போருக்கு அதற்குமேல் வருவாய் இல்லை; ஆண்டுதோறும் செலுத்திவந்த சேமிப்புக் கட்டணம் நிற்கிறது என்பதே மிச்சம்.

இத்தனைக்கும் மேலாக, கொடுக்கும் குடும்பம் தெரிந்துகொள்ளவேண்டியது ஒன்று உண்டு. கொடுத்தபின் என்ன நிகழும் என்பதற்கு உறுதி இல்லை. கரு உருகும்போது பிழைக்காமற்போகலாம், கருப்பையில் ஒட்டாமற்போகலாம். குழந்தை பிறந்ததா என்பதை அறியும் உரிமைகூட ஒப்பந்தத்தில் எழுதப்பட்டால் மட்டுமே உண்டு.

பெறும் குடும்பம்

கருவைப் பெற விழைவோருள் பெரும்பாலோர் பிற சிகிச்சைகளில் தோற்றுச் சோர்ந்தவர்கள். கணவன், மனைவி இருவரிடமும் கருத்தரிப்புக் குறை இருத்தல், மரபுவழி நோய் குறித்த அச்சம், புதிதாகச் செயற்கைக் கருத்தரிப்புச் செய்யப் பொருள்வசதி இன்மை ஆகியவை பொதுவான காரணங்கள். கருவைப் படைக்கும் கொள்கைக்கு உடன்படாமல், படைக்கப்பட்டுவிட்ட கருவுக்கு வாழ்வளிப்பதையே சமயக் கடமையாகக் கருதி வருவோரும் உள்ளனர். தமக்கே பிள்ளைகள் இருந்தும் இவ்வழியை நாடுவோர் இவர்களுள் உண்டு.

தத்து என்னும் பெயரால் இயங்கும் திட்டங்களில் முதற்படி ‘இல்ல ஆய்வு’. சமூகப் பணியாளர் ஒருவர் வீட்டிற்கு வந்து குடும்பத்தினரோடு உரையாடுவார். வருவாய், உடல்நலம், மணவாழ்வின் நிலை, குற்றப்பின்னணி ஆகியவை சரிபார்க்கப்படும். பிறந்த குழந்தையைத் தத்தெடுப்போருக்கு உரிய நடைமுறை அப்படியே இங்குக் கொண்டுவரப்பட்டுள்ளது. இதனை மருத்துவத் தரப்பினர் பலர் ஏற்பதில்லை. இயல்பாகக் கருவுறும் எவரிடமும் அரசு இல்ல ஆய்வு கேட்பதில்லை. செயற்கைக் கருத்தரிப்பு நோயாளரிடமும் கேட்பதில்லை. எனவே கருவைப் பெறுவோரிடம் மட்டும் கேட்பது பொருந்தாச் சுமை என்பது அவர்கள் வாதம். கொடுக்கும் குடும்பத்தின் இடத்தில் நின்று பார்த்தால் வேறு காட்சி தெரிகிறது. தம் பிள்ளையின் உடன்பிறப்பு என்று கருதும் ஒன்றை முன்பின் அறியாதவரிடம் கொடுக்கும்போது, அவர்தம் வீட்டை ஒருவர் சென்று பார்த்துள்ளார் என்பது அவர்களுக்கு ஆறுதல். இல்ல ஆய்வு கருவைக் காக்கும் ஏற்பாடு என்று சொல்லப்பட்டாலும், உண்மையில் அது கொடுப்போரின் தயக்கத்தைக் களையும் ஏற்பாடே எனலாம்.

அடுத்தது பொருத்தம் பார்த்தல். இரு குடும்பங்களும் தம்மைப் பற்றிய அறிமுக மடலையும் ஒளிப்படங்களையும் தருகின்றன. வாழிடம், தொழில், சமயம், குழந்தை வளர்ப்பில் கொள்கை, எதிர்காலத் தொடர்பு குறித்த விருப்பம் எல்லாம் அதில் இருக்கும். கொடுப்போர் தமக்கு உகந்தவரைத் தேர்வர்; பெறுவோர் ஏற்கவோ மறுக்கவோ செய்வர். திருமணப் பொருத்தம் பார்க்கும் வழக்கமுடைய வாசகர்க்கு இது விந்தையாகத் தோன்றாது. திட்டத்தை நடத்தும் நிறுவனங்கள் தாமும் வரம்பு விதிப்பதுண்டு. மணமான ஆண்–பெண் இணையர்க்கு மட்டுமே வழங்கும் சமயச் சார்புடைய நிறுவனங்களும் உள்ளன. தனித்து வாழும் பெண்களையும் ஒருபாலிணையரையும் ஏற்பனவும் உள்ளன. இவற்றை ஒருசீராக்கும் கூட்டரசுச் சட்டம் ஏதும் இல்லை.

தொடர்பின் அளவு மூவகைப்படும். பெயரும் முகவரியும் பரிமாறிக்கொண்டு நேரடியாகத் தொடர்புகொள்வது ஒன்று. நிறுவனத்தின் வழியாக மடலும் படமும் மட்டும் பரிமாறிக்கொள்வது மற்றொன்று. ஒருவரை ஒருவர் அறியாதிருப்பது மூன்றாவது. எதனைத் தேர்ந்தனர் என்பது ஒப்பந்தத்தில் எழுதப்படும். ஒரே தொகுதியிலிருந்து பெற்ற கருக்களுள் எஞ்சுபவை பற்றியும் அதில் விதி இருக்கும். அவற்றைக் கொடுத்த குடும்பத்திடமே திரும்ப ஒப்படைக்கவேண்டும் என்பது சில திட்டங்களின் நெறி. ஒரே பெற்றோரின் பிள்ளைகள் பல வீடுகளில் கணக்கின்றிப் பரவுவதை இது ஓரளவு தடுக்கிறது.

ஒப்பந்தம் முடிந்தபின் வருவது மருத்துவப் பகுதி, ஒப்பீட்டளவில் எளியது. திரவ நைட்ரஜனின் ஆவி நிறைந்த கலத்தில் கருக்கள் ஒரு மையத்திலிருந்து மற்றொன்றுக்கு அனுப்பப்படுகின்றன. பெறும் பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்துக் கருப்பை உட்சுவர் தடிக்கச் செய்யப்படுகிறது. பின்னர்ப் புரோஜெஸ்டரோன் சேர்க்கப்படுகிறது. உரிய நாளில் கரு உருக்கப்பட்டு மெல்லிய குழாய் வழியே கருப்பையில் செலுத்தப்படுகிறது. மயக்கமருந்து பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. ஏறத்தாழ இரு வாரத்திற்குள் குருதிச் சோதனை விடை சொல்லிவிடும்.

அவ்விடை பலருக்கு ‘இல்லை’ என்பதாகவே இருக்கிறது. அமெரிக்காவில் 2004 முதல் 2019 வரை நிகழ்ந்த 21 ஆயிரத்திற்கும் மேற்பட்ட கொடைக்கரு மாற்றங்களில் பிறந்த குழந்தைகள் 8 ஆயிரத்துச் சொச்சம். 1994இல் உறையவைக்கப்பட்ட கருவொன்று 2025 ஜூலையில் குழந்தையாகப் பிறந்தது உலகச் செய்தியாயிற்று. அச்செய்தியில் பலர் கவனிக்கத் தவறிய கணக்கு ஒன்று உண்டு. அக்குடும்பம் பெற்ற கருக்கள் மூன்று. ஒன்று உருக்கியபின் வளரவில்லை, இரண்டு செலுத்தப்பட்டன, நிலைத்தது ஒன்றே.

சட்டத்தின் பார்வையில் தத்தா?

தத்து என்பது சட்டத்தில் ஓர் ஆணை. ஏற்கெனவே பிறந்த குழந்தையின் பெற்றோர் உரிமையை ஒருவரிடமிருந்து நீக்கி மற்றொருவரிடம் வைப்பது. கருவைப் பெறுவதில் அத்தகைய ஆணைக்குத் தேவை எழுவதில்லை. குழந்தையைப் பெற்றவளே தாய், சிகிச்சைக்கு இசைந்த அவள் கணவனே தந்தை என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் விதி. எடுத்துக்காட்டாக, ஃபுளோரிடாச் சட்டம், எழுத்துவழி இசைவு தந்த இணையரையே குழந்தையின் பெற்றோராகக் கொள்கிறது; கொடுத்தவர் எல்லா உரிமையையும் துறந்தவராகிறார். பிறப்புச் சான்றிதழில் தொடக்கத்திலிருந்தே பெறும் குடும்பத்தின் பெயரே இடம்பெறும். பிறப்பதற்கு முன் கைமாறும் வரை கருவை ஆள்வது ஒப்பந்தச் சட்டம். பிறந்தபின் குழந்தையை ஆள்வது பெற்றோர் உரிமைச் சட்டம். இவ்விரண்டிற்கும் இடையே தத்துச் சட்டம் நுழைய இடமில்லை.

விதிவிலக்குகள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. லூசியானா மாநிலம் 1986இல் இயற்றிய சட்டம் ஆய்வகக் கருவைச் சட்டமுறை ஆளாக ஏற்றது. பெற்றோர் தம் உரிமையைத் துறந்தால் அக்கரு ‘தத்துவழிப் பதித்தலுக்கு’ உரியதாகும் என்றது. ஜார்ஜியா மாநிலம் 2009இல் இயற்றிய சட்டம், கருவைப் பெற்றவர் விரும்பினால் நீதிமன்றத்தில் தத்து ஆணையோ பெற்றோர் உரிமை ஆணையோ கோரலாம் என்று வழிசெய்தது. ‘விரும்பினால்’ என்பதே இங்கு நோக்கத்தக்கது. ஆணை இல்லாமலும் அவர் பெற்றோரே.

கருவின் நிலை குறித்து நீதிமன்றங்களும் ஒருமித்த கருத்துக் கொள்ளவில்லை. டென்னசி மாநில உச்ச நீதிமன்றம் 1992இல் தீர்த்த வழக்கு இவ்விடத்தில் மிகவும் பொருந்துவது. மணமுறிவு பெற்ற இணையரின் உறைந்த கருக்கள் பற்றியது அது. அவற்றைப் பிள்ளையில்லா இணையருக்கு வழங்க மனைவி விரும்பினார், கணவர் எதிர்த்தார். கரு ஆளும் அன்று, பொருளும் அன்று, தனி மதிப்புக்குரிய இடைநிலையது என்று நீதிமன்றம் கூறியது. பிறருக்கு வழங்கும் விருப்பத்தைவிட, தன் விருப்பமின்றிப் பெற்றோராகாதிருக்கும் உரிமை வலியது என்று தீர்ப்பளித்தது. சட்டப்படி தந்தையாகாத ஒருவருக்கும் தன் மரபில் ஒரு குழந்தை எங்கோ வளர்கிறது என்னும் எண்ணம் சுமையாகலாம் என்பதை அத்தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. கொடுப்போரின் ஒப்பம் ஏன் இருவரிடமிருந்தும் இவ்வளவு கண்டிப்பாகக் கேட்கப்படுகிறது என்பதற்கு விடை அதில் உள்ளது. இதற்கு மாறாக, அலபாமா உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில், சிறார் இறப்பு இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ் உறைந்த கருவும் குழந்தையே என்றது. அம்மாநிலத்தில் மையங்கள் சில சிகிச்சையை நிறுத்தின. மாநிலச் சட்டமன்றம் மார்ச்சில் மையங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தபின்பே பணி மீண்டது.

இந்தப் பின்னணியில் ‘தத்து’ என்னும் சொல் நடுநிலையானதன்று. கருவிலிருந்து குருத்தணு எடுக்கும் ஆய்வுக்குக் கூட்டரசு நிதி வழங்கலாமா என்னும் விவாதம் 2001இல் மூண்டபோது, இவ்வழிப் பிறந்த குழந்தைகள் எதிர்த்தரப்பின் சான்றாக முன்னிறுத்தப்பட்டனர். 2002இல் கருத்தத்து விழிப்புணர்வுக்கென ஏறத்தாழ 10 இலட்சம் டாலர் கூட்டரசு நிதி ஒதுக்கப்பட்டது. 2006 ஜூலையில் அதிபர் ஜார்ஜ் புஷ் ஆய்வு நிதி மசோதாவை மறுத்தளித்த நிகழ்வில் அக்குழந்தைகளும் குடும்பங்களும் உடனிருந்தனர். தத்தெடுக்கப்படுவது குழந்தைதான், ஆகவே தத்தெடுக்கப்படும் கருவும் குழந்தை என்னும் முடிவை அச்சொல் வாதமின்றியே நிறுவிவிடுகிறது. அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கத்தின் அறநெறிக் குழு, அச்சொல் பிழையானது, தவறான பொருள் தருவது, தவிர்க்கத்தக்கது என்று கூறியது இதனாலேயே.

சொல் பிழை என்பதை ஏற்கலாம். ஆனால் அச்சொல்லோடு வந்தவை அனைத்தும் பிழை என்று கொள்வதற்கில்லை.

பிறக்கும் குழந்தை

‘சகோதரர்’ என்னும் வடசொல்லுக்கு ஒரே வயிற்றில் பிறந்தோர் என்பது பொருள். ‘உடன்பிறப்பு’ என்னும் தமிழ்ச்சொல்லும் பிறப்பையே அடியாகக் கொண்டது. ஒரே நாளில், ஒரே ஆய்வகத்தில், ஒரே பெற்றோரிடமிருந்து உருவாகி, வெவ்வேறு வயிறுகளில் முப்பதாண்டு இடைவெளியில் பிறந்த இருவருக்கு இச்சொற்கள் பொருந்துமா? 2025இல் பிறந்த மேற்கண்ட குழந்தையின் உடன்பிறந்தவர் முப்பது வயதானவர். குழந்தையைப் பெற்ற தாய்க்கும் அவருக்கும் எவ்வித உறவும் இல்லை. குழந்தைக்கும் அவருக்கும் உள்ள உறவோ முழு இரத்த உறவு.

இவ்வுறவு பற்றிக் குழந்தை அறியவேண்டுமா என்பதில் தத்துமுறையும் மருத்துவக் கொடைமுறையும் பிரிகின்றன. பிரித்தானியாவில் ஃபியோனா மக்காலமும் சூசன் கோலம்பக்கும் கருக்கொடையால் அமைந்த குடும்பங்களையும் தத்தெடுத்த குடும்பங்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். பெற்றோர்–பிள்ளை உறவில் கருக்கொடைக் குடும்பங்கள் குறைவுபட்டவையல்ல என்று கண்டனர். ஆனால் தத்தெடுத்த பெற்றோர் பிள்ளைக்கு உண்மையைக் கூறுவதை இயல்பாகக் கொண்டிருக்க, கருக்கொடை பெற்ற தாய்மாருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே கூறியவராகவோ கூற எண்ணியவராகவோ இருந்தனர். மறைப்பதற்கு வசதி இருப்பதே இதற்குப் பெருங்காரணம். வயிறு தெரிந்தது, பேறு நிகழ்ந்தது, சான்றிதழில் பெயர் உள்ளது. ஊரார் ஐயுறுவதற்கு ஒன்றுமில்லை.

மறைத்தல் குழந்தைக்கு இரு வகையில் இடர் தரும். பரம்பரை நோய் குறித்து மருத்துவர் கேட்கும் ஒவ்வொரு முறையும் அது தவறான விடையைத் தரும். மேலும், வணிக மரபணுச் சோதனைகள் பரவிய இக்காலத்தில் ஒரு குழாய் எச்சில் போதும், மறைத்தது வெளிப்பட. நடுவயதில் அவ்வாறு அறிய நேர்வதைவிடத் தாய்மடியில் கதையாகக் கேட்டு வளர்வது நன்று என்பதில் ஐயமில்லை. தத்து என்னும் பெயரால் இயங்கும் திட்டங்கள் இவ்விடத்தில் மருத்துவமுறையைவிட முன்னிற்கின்றன. கொடுத்த குடும்பத்தின் முகமும் பெயரும் தெரிந்த வீட்டில் மறைப்பதற்கு ஒன்றும் இருப்பதில்லை.

அதே பயனைத் தத்து என்று பெயரிடாமலும் அடையலாம் என்பதற்கு நியூசிலாந்து சான்று. அங்கு ஒவ்வொரு கருக்கொடையும் அறநெறிக் குழுவின் ஒப்புதலைப் பெறவேண்டும். இரு குடும்பங்களும் தனித்தனியாகவும் ஒருங்கிருந்தும் ஆற்றுப்படுத்துநரைச் சந்திக்கவேண்டும். கொடையாளர் பற்றிய குறிப்புகள் பதிவேட்டில் காக்கப்படுகின்றன. அங்குப் பங்கேற்றோர் பலர் இவ்வுறவை விரிந்த குடும்பமாகவே உணர்வதாகச் சோன்யா கெடக்கியின் ஆய்வுகள் காட்டுகின்றன. பிரித்தானியாவில் 2005 ஏப்ரல் முதல் நாளுக்குப் பின் பதிவான கொடையாளரை, குழந்தை 18 வயதில் அறியலாம். இவ்விரு நாடுகளிலும் சட்டம் உறுதிசெய்வதை அமெரிக்காவின் பெரும்பகுதியில் இரு குடும்பங்களுக்கிடையிலான ஒப்பந்தமே செய்யவேண்டியுள்ளது. அவ்வொப்பந்தத்தில் ஒப்பமிடுவோருள் குழந்தை இல்லை. பெறுவோர் பின்னாளில் மடலெழுதுவதை நிறுத்திவிட்டால் கொடுத்தவர் செய்யக்கூடியது மிகக் குறைவு.

இந்தியச் சட்டமும் மூன்று சொற்களும்

தமிழில் வழங்கும் ‘தத்து’, ‘தானம்’ ஆகிய இரண்டும் ‘கொடு’ என்னும் பொருளுடைய ஒரே வடமொழி வேரிலிருந்து வந்தவை. தத்து என்பது ‘கொடுக்கப்பட்டது’. பெறுவோரின் பக்கம் நின்று ‘தன்னுடையதாக்கிக்கொள்ளுதல்’ என்று பொருள்படும் சொல் சுவீகாரம். ஆங்கிலத்தில் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்தப்படும் கொடையும் தத்தும் இம்மொழியில் ஒரே செயலின் இரு பெயர்கள். 1956ஆம் ஆண்டின் இந்து தத்து மற்றும் பராமரிப்புச் சட்டமும் இதனையே மையமாகக் கொள்கிறது. தத்தஹோமம் இன்றியமையாததன்று, குழந்தையை மெய்யாகவே கொடுத்தலும் எடுத்தலும் நிகழவேண்டும். ஆனால் தத்துக்குப்பின் பிறந்த குடும்பத்தோடு உள்ள பிணைப்பு அற்றுப்போகும் என்பதும் அச்சட்டத்தின் விதி. அமெரிக்கத் திட்டங்கள் ‘தத்து’ என்று சொல்லிப் பேண விழைவது அறாத தொடர்பை. எனவே அச்சொல்லை அப்படியே தமிழாக்கும்போது சட்டப்பொருள் தலைகீழாகிவிடும். ‘கருக்கொடை’ என்பதே ஒப்பீட்டளவில் குறைந்த பிழையுடையது.

எனினும் இந்தியாவில் அக்கொடைக்கே வழி குறுகியுள்ளது. 2021ஆம் ஆண்டின் இனப்பெருக்கத் துணைத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம் சினைமுட்டைக் கொடையையும் விந்தணுக் கொடையையும் ஒழுங்குபடுத்துகிறது. கருவைப் பொறுத்தவரை, தம் சொந்தக் கருவைத் தம் பயன்பாட்டிற்கென ஆணையத்தின் ஒப்புதலோடு இடம்மாற்றுவதைத் தவிர்த்து, விற்பனையையும் கைமாற்றத்தையும் அது தடைசெய்கிறது. உறைந்த கருவை வைத்திருக்கும் காலம் 10 ஆண்டுக்கு மேற்படலாகாது. அக்காலம் முடிந்ததும் இணையர் முன் அச்சட்டம் வைக்கும் தெரிவுகள் இரண்டு: அழிய விடுதல், அல்லது பதிவுபெற்ற ஆய்வு நிறுவனத்திற்கு அளிக்க ஒப்பமிடுதல்.